கொட்டகைக்குத் தீ வைத்தது யார்?

போலந்தின் வடகிழக்கு மூலையில், வோம்ஷா நகரத்தை அடுத்து, யெட்வாப்னே என்று ஒரு சிறு ஊர் இருக்கிறது. 1960களில் அந்த ஊரின் ஓரத்தில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். யூத மக்கள் கொல்லப்பட்ட இடம் இது என்றும், 1941 ஜூலை 10 அன்று கெஸ்டபோவும் ஹிட்லரின் காவல்படையும் 1,600 பேரை இங்கே உயிரோடு எரித்தன என்றும் அதில் பொறித்திருந்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தக் கல் நின்றது. அதில் தேதி சரி. இடமும் சரி. எரித்தவர் யார் என்பதும் எத்தனை பேர் என்பதும் தவறு.

இறந்தவர்களின் எண்ணிக்கை தவறாக இருப்பது வரலாற்றில் புதிதல்ல. கொன்றவர் யார் என்பது தவறாக இருப்பது வேறு சங்கதி. அந்தக் கல்லைத் தினமும் கடந்து வயலுக்குப் போனவர்களில் பலருக்கு உண்மை தெரியும். சிலர் அன்று அங்கேயே இருந்தவர்கள். சிலருடைய அப்பாக்கள் இருந்தார்கள்.

நம்மில் பெரும்பாலோர் யூதப் படுகொலையை அறிந்தது ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு வழியாக, அல்லது ஏதாவது ஒரு ஹாலிவுட் படம் வழியாக. ரயில் பெட்டிகள், முள்வேலி, விஷவாயு அறை, சீருடை போட்ட அதிகாரிகள் என்று ஒரு சித்திரம் நம் மனதில் பதிந்திருக்கிறது. அரசு இயந்திரம் ஒன்று தூரத்திலிருந்து வந்து மக்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கொல்வது. யெட்வாப்னேயில் ரயில் இல்லை, முகாம் இல்லை, விஷவாயு இல்லை. ஒரு சந்தைத் திடல், கம்புகள், கோடரிகள், ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகை, கொஞ்சம் மண்ணெண்ணெய். கொன்றவர்களுக்குச் செத்தவர்களின் பெயர் தெரியும்.

போருக்கு முன் யெட்வாப்னேயின் மக்கள்தொகையில் பெரும்பகுதி யூதர்கள். சந்தைத் திடலைச் சுற்றி அவர்களுடைய வீடுகளும் கடைகளும் பட்டறைகளும் இருந்தன. தையல்காரர், செருப்புத் தைப்பவர், கொல்லர், சிறு வியாபாரி. கத்தோலிக்கப் போலந்துக்காரர்கள் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் விவசாயம் செய்தார்கள். கொடுக்கல் வாங்கல் உண்டு, சிறுவர்கள் ஒரே பள்ளியில் படித்ததும் உண்டு. 1930களில் தேசியவாதக் கட்சியின் பிடி அந்த வட்டாரத்தில் இறுகியது. யூதர் கடையில் வாங்காதே என்ற பிரச்சாரம் வலுத்தது. யூதர்கள் கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற பழைய பழியைத் தேவாலயப் பிரசங்கங்கள் உயிரோடு வைத்திருந்தன. இதையெல்லாம் ஹிட்லர் கொண்டுவந்து தரவில்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. யெட்வாப்னே சோவியத் பக்கம் போனது. அடுத்த 21 மாதங்கள் கைதுகள், சொத்துப் பறிமுதல்கள், சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ஆயிரக்கணக்கில் நாடுகடத்தல்கள். நாடுகடத்தப்பட்டவர்களில் போலந்துக் குடும்பங்கள் இருந்தன, யூதக் குடும்பங்களும் இருந்தன. யூதர்களின் கடைகளும் அரசுடைமை ஆயின, அவர்களுடைய சமூக அமைப்புகளும் கலைக்கப்பட்டன. ஆனாலும் ஊரில் நிலைத்த பேச்சு ஒன்றுதான்: யூதர்கள் ரஷ்யர்களை வரவேற்றார்கள், நம்மைக் காட்டிக்கொடுத்தார்கள். சோவியத் அலுவலகங்களில் வேலை பார்த்த யூதர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அங்கே வேலை பார்த்த போலந்துக்காரர்களும் இருந்தார்கள், ரகசியத் தகவல் சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஒரு தரப்பில் அது தனிமனிதன் செய்த தவறு. மறு தரப்பில் அது இனத்தின் குணம். இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தது. மறுநாளே ஜெர்மன் படை யெட்வாப்னேக்குள் வந்துவிட்டது. இரண்டாவது ஆக்கிரமிப்பு தொடங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஆக்கிரமிப்பாளனின் திட்டம் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். ஜூன் 29 அன்று ரைன்ஹார்ட் ஹைட்ரிஷ் தன்னுடைய கொலைப் படைகளின் தலைவர்களுக்கு ஓர் எழுத்து உத்தரவு அனுப்பினார். புதிதாகப் பிடித்த பகுதிகளில் உள்ளூர் மக்கள் தாங்களாகவே யூதர்களையும் கம்யூனிஸ்டுகளையும் 'சுத்தம்' செய்ய முன்வந்தால் தடுக்கக் கூடாது, மாறாகத் தூண்டிவிட வேண்டும், தீவிரப்படுத்த வேண்டும், தேவையானால் சரியான பாதையில் செலுத்த வேண்டும். ஆனால் நம் கை அதில் இருந்ததற்குத் தடயம் இருக்கக் கூடாது. உத்தரவின் சாரம் இதுதான். அதாவது, கொலை உங்கள் ஊர்க்காரன் செய்ததாக இருக்க வேண்டும், பலன் எங்களுக்கு வர வேண்டும்.

ஜெர்மானியர்கள் தாங்களே நேரடியாகச் செய்த கொலைகளும் அதே வட்டாரத்தில் அதே வாரங்களில் நடந்தன. ஜூன் 27 அன்று பியாவிஸ்தோக் நகரத்தின் பெரிய யூத வழிபாட்டுக்கூடத்துக்குள் நூற்றுக்கணக்கானோரை அடைத்துத் தீ வைத்தது ஜெர்மன் காவல்படைதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிறிய ஊர்களில் கதை வேறு மாதிரி போனது. ஜூலை 5 அன்று வொன்சோஷ். ஜூலை 7 அன்று ராஜிவூஃப், அங்கும் ஒரு கொட்டகை, அங்கும் தீ. மூன்று நாள் கழித்து யெட்வாப்னே. பிறகு நடந்த ஆய்வுகளின்படி அந்தக் கோடையில் அந்த வட்டாரத்தில் 20க்கும் மேற்பட்ட ஊர்களில் யூதர்கள் தங்கள் அண்டை வீட்டாரால் தாக்கப்பட்டார்கள். ஜெர்மானியன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே நுழைந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

ஜூலை 10, வியாழக்கிழமை. காலையிலேயே வீடுவீடாகப் போய் யூதர்களைச் சந்தைத் திடலுக்கு வரச் சொன்னார்கள். சொன்னவர்கள் ஊர் ஆண்கள். ஏற்பாடுகளின் தலைமையில் மேயர் மரியான் கரோலாக் இருந்தார். ஜெர்மன் ஆட்சியில் பதவிக்கு வந்தவர், ஆனால் ஜெர்மானியர் அல்லர். சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். திடலில் பதித்திருந்த கற்களுக்கு இடையே முளைத்த புல்லைப் பிடுங்கச் சொல்லி யூதர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். வெயிலில் பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் எல்லோரும் குனிந்து புல் பிடுங்கினார்கள். சுற்றிலும் கம்புகளோடு காவல். தப்பி ஓடப் பார்த்தவர்களைத் துரத்திப் பிடித்துத் திரும்ப இழுத்துவந்தார்கள்.

இந்தப் புல் பிடுங்கும் காட்சியை எளிதில் கடந்துபோக முடியாது. ஒருவரைக் கொல்ல முடிவு செய்தபின் அவரிடம் திடலைச் சுத்தம் செய்யச் சொல்வதால் என்ன லாபம்? லாபம் பார்ப்பவனுக்குத்தான். நேற்றுவரை கடன் கொடுத்த வியாபாரி, சட்டை தைத்துக் கொடுத்தவர், பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவள், எல்லோரும் காலடியில் முழந்தாளிட்டுக் குனிந்திருக்கிறார்கள். அந்தச் சில மணி நேரத்தில் அவர்கள் மனிதர்கள் என்ற நினைவு பார்ப்பவன் மனதிலிருந்து கழன்றுவிடுகிறது. இழிவு என்பது கொலைக்கு முன்னால் நடக்கும் தனி நிகழ்ச்சி அல்ல. கொலையின் முதல் வேலையே அதுதான்.

ஊரில் சோவியத் ஆட்சி வைத்துவிட்டுப் போன லெனின் சிலை ஒன்று இருந்தது. சுமார் 40 ஆண்களைப் பிரித்தெடுத்து, அந்தச் சிலையை உடைக்கச் செய்து, உடைந்த துண்டுகளைத் தூக்கவைத்து ஊர்வலம் விட்டார்கள். பாடச் சொன்னார்கள். முன்னால் நடக்கவிட்டது ரபி அவிக்தோர் பியாவொஸ்தோட்ஸ்கியை. வயதான மதகுருவை, கடவுளே இல்லை என்ற கட்சியின் தலைவருடைய சிலைக்கு ஈமச்சடங்கு செய்யவைத்தார்கள். பிறகு அந்த 40 பேரையும் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொன்று, சிலையின் துண்டுகளோடு சேர்த்தே குழியில் போட்டார்கள்.

மிச்சமிருந்தவர்களைப் பிற்பகலில் திடலிலிருந்து அதே கொட்டகைக்கு ஓட்டிவந்தார்கள். ஷ்லெஷின்ஸ்கி என்பவருடைய கொட்டகை அது. குடும்பம் குடும்பமாக உள்ளே தள்ளிக் கதவை அடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள். கைக்குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். அந்த இரவுக்குப் பின் யூதர் வீடுகள் சூறையாடப்பட்டன. பாத்திரம், தையல் இயந்திரம், மெத்தை, கடைசியில் வீடும். தப்பிப் பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர் பின்னர் வோம்ஷாவின் யூதச் சேரிக்குள் அடைக்கப்பட்டார்கள்.

அன்று ஊரில் ஜெர்மானியர் இருந்தார்களா? இருந்தார்கள். ஊரில் ஜெர்மன் காவல் நிலையம் ஒன்று இருந்தது, அதில் காவலர்கள் சிலர். அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதில் எந்த ஆய்வாளருக்கும் ஐயம் இல்லை. ஆனால் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள், திடலைச் சுற்றி நின்றவர்கள், கொட்டகைவரை ஓட்டிவந்தவர்கள் என்று விசாரணையில் பெயர் வெளிவந்தவர்கள் போலந்துக்காரர்கள்.

எல்லோரும் அல்ல. பக்கத்துக் கிராமமான யான்செவ்கோவில் அந்தோனினா விஷிகோவ்ஸ்கா என்ற விவசாயக் குடும்பப் பெண் இருந்தார். அவரும் அவருடைய கணவரும் 7 யூதர்களைத் தங்கள் பண்ணைக் கொட்டிலின் அடியில் குழி தோண்டி மறைத்துவைத்தார்கள். 1942 இறுதியிலிருந்து 1945 ஜனவரியில் ஜெர்மானியர்கள் விரட்டப்படும்வரை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் 7 பேருக்குச் சோறு போட்டு, கழிவை அப்புறப்படுத்தி, அண்டை வீட்டாருக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். பிடிபட்டால் மரண தண்டனை. போர் முடிந்ததும் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1945 மார்ச்சில் உள்ளூர்த் தேசியவாத ஆயுதக் கும்பல் வீடு புகுந்து அவரை அடித்துப் போட்டது. யூதர்களைக் காப்பாற்றியதுதான் குற்றம். அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போனது. ஆக்கிரமிப்பாளன் போய்விட்ட பிறகு விழுந்த அடி இது. எல்லாவற்றையும் ஜெர்மானியன் பயத்தில் செய்தோம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு சம்பவத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் காப்பாற்றிய 7 பேரில் ஒருவர் ஷ்முல் வாசர்ஷ்தாயின். 1945 ஏப்ரல் 5 அன்று பியாவிஸ்தோக்கில் யூத வரலாற்று ஆணையத்தின் முன் அவர் வாக்குமூலம் கொடுத்தார். கொன்றவர்கள் ஊர்க்காரர்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். போர் ஐரோப்பாவில் முடிவதற்கும் ஒரு மாதம் முன்பே உண்மை தாளில் ஏறிவிட்டது. அதன் பிறகு 1947 இறுதியில், போருக்கு முன்பே உருகுவேக்குக் குடிபெயர்ந்துவிட்ட யெட்வாப்னேக்காரர் ஒருவர் போலந்தில் இருந்த யூத அமைப்புக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஊர் யூதர்கள் ஜெர்மானியர் கையால் அல்ல, போலந்துக்காரர் கையால் இறந்தார்கள் என்று கேள்விப்படுகிறோம், விசாரித்தீர்களா என்று கேட்டிருந்தார். ஒரு கண்டத்துக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் கடிதம்தான் வழக்கு தொடங்கக் காரணமானது.

1949 மே மாதம் வோம்ஷாவில் விசாரணை. 22 பேர் குற்றவாளிக் கூண்டில். நடந்தது இரண்டே நாள். 12 பேருக்குத் தண்டனை, 10 பேர் விடுதலை. மரண தண்டனை ஒருவருக்கு மட்டும், கரோல் பார்தோன் என்பவருக்கு. அதுவும் பின்னர் 15 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. அவர் ஜெர்மன் காவல்படையில் சேர்ந்து பணியாற்றியவர். ஊரே கூடிச் செய்த கொலையில் மிகப் பெரிய குற்றவாளியாக நீதிமன்றத்துக்குத் தெரிந்தவர் ஜெர்மானியரின் சீருடை போட்டவர். மற்றவர்கள் யார்? விவசாயிகள், தச்சர், கொத்தனார், செருப்புத் தைப்பவர், தபால்காரர். திடலில் காவல் நின்றேன், ஆட்களைக் கூட்டிவந்தேன், கிடங்கிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன் என்று போலீஸ் விசாரணையில் சொன்னவர்கள். அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று நீதிமன்றத்தில் பலர் மறுத்தார்கள். ஸ்டாலின் காலத்துப் போலீஸ், அடித்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடத்தில் நின்று சொன்னது ஒரே நாளின் ஒரே காட்சியாகப் பொருந்துகிறது.

சட்டம் படிக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் குற்றச்சாட்டின் பிரிவு. 1944 ஆகஸ்ட் 31 ஆணையின்கீழ் வழக்குப் போட்டார்கள். அந்த ஆணை ஜெர்மன் ஆட்சிக்கு உதவியாகச் செயல்பட்டவர்களைத் தண்டிப்பதற்கானது. ஆக, குற்றம் 'ஜெர்மானியருக்கு உதவியது' என்றுதான் பதிவானது. பக்கத்து வீட்டுக்காரனை உயிரோடு எரித்தவன், அந்நியனுக்கு உதவியதற்காகத் தண்டனை பெறுகிறான். அண்டை வீட்டான் தன் விருப்பத்தில் செய்த குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தத் தீர்ப்பும் விசாரணைத் தாள்களும் காப்பகத்துக்குப் போயின. அதன் பிறகு கல் வந்தது. கல்லில் கெஸ்டபோ என்று எழுதினார்கள். அரசின் நீதிமன்றம் ஊர்க்காரர்களைத் தண்டித்திருக்கிறது, அதே அரசின் காலத்தில் நட்ட கல் ஜெர்மானியர் செய்தார்கள் என்கிறது. இரண்டும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தன.

2000ஆம் ஆண்டில் யான் தோமாஷ் கிராஸ் என்ற வரலாற்றாசிரியர் 'அண்டை வீட்டார்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறிய நூலைப் போலந்து மொழியில் வெளியிட்டார். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். வாசர்ஷ்தாயினின் வாக்குமூலத்தையும் 1949 வழக்குத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் எழுதியது போலந்தையே உலுக்கியது. தங்களைப் போரின் பலியாட்களாகவே அறிந்திருந்த சமூகம் அது. அந்த அறிவும் பொய்யல்ல. நாஜி ஆட்சியில் யூதர் அல்லாத போலந்துக்காரர்களும் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களாகவும் பாதித்தவர்களாகவும் ஒரே மக்கள் இருக்க முடியும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மறுப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். முதலில் சாட்சியைத் தாக்கினார்கள். வாசர்ஷ்தாயின் தான் பார்க்காததையும் பார்த்ததுபோலச் சொல்கிறார், அவர் அன்று ஒளிந்திருந்தார் அல்லவா என்றார்கள். உண்மைதான், அவர் கேட்டறிந்ததும் அதில் கலந்திருக்கிறது. கிராஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். உயிர் பிழைத்தவரின் சாட்சியத்தைச் சந்தேகத்தோடு அல்ல, பொய் என்று நிரூபணம் ஆகும்வரை உண்மை என்ற நிலையிலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும் என்றார். வரலாற்றாசிரியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. நான் இதில் பெருமளவு கிராஸ் பக்கம், ஒரு நிபந்தனையோடு. சாட்சியை நம்பித் தொடங்கு, அங்கேயே நின்றுவிடாதே.

ஏன் அந்த நிபந்தனை என்பது எண்ணிக்கை விஷயத்தில் தெரிந்தது. 1,600 என்ற எண் வாக்குமூலத்திலும் கல்லிலும் இருந்தது, கிராஸும் அதை எடுத்துக்கொண்டார். 2001இல் கொட்டகை இருந்த இடத்தில் பகுதியளவு அகழ்வு நடந்தது. இறந்தவர்களின் ஓய்வைக் குலைக்கக் கூடாது என்ற யூத மதநெறியை மதித்து அதை முழுமையாகச் செய்யவில்லை. கிடைத்தது இரண்டு குழிகள். ஒன்றில் லெனின் சிலையின் துண்டுகள் இருந்தன, அந்த 40 பேர் பற்றிய சாட்சியத்தை மண்ணே உறுதிசெய்ததுபோல. ஆனால் மொத்த எண்ணிக்கை 1,600 அல்ல. குறைந்தது 340 என்று விசாரணை முடிவு செய்தது. மறுப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எண் பொய் என்றால் கதையே பொய் என்றார்கள். 340 பேரை எரித்தது 1,600 பேரை எரித்ததைவிடச் சிறிய பாவம்போல அவர்கள் பேசியது அருவருப்பானது. ஆனால் அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்தது சரிபார்க்காத ஓர் எண். நாம் வன்கொடுமைகளின் உண்மை அறியும் குழுக்களில் போய் நிற்பவர்கள். இதை ஒரு தொழில் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தோட்டா உறைகள். அகழ்வில் சில கிடைத்ததும், இதோ ஜெர்மானியர்கள் சுட்டதற்கு ஆதாரம் என்று குரல் எழுந்தது. ஆய்வில் அவை வெவ்வேறு காலத்தவை, அந்த நாளின் கொலையோடு தொடர்பில்லாதவை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் செய்தி பரவிவிட்டது, மறுப்புச் செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை.

தேசிய நினைவு நிறுவனத்தின் அரசு வழக்கறிஞர் ரதோஸ்வாஃப் இக்னாதியெவ் நடத்திய விசாரணை 2003இல் முடிந்தது. அவர் செய்த வேறுபாட்டை நான் பலமுறை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். விரிந்த பொருளில் இந்தக் குற்றத்தின் பொறுப்பு ஜெர்மானியருடையது, ஏனென்றால் தூண்டுதல் அவர்களுடையது. குறுகிய, நேரடிப் பொருளில் குற்றத்தைச் செய்தவர்கள் யெட்வாப்னேயையும் சுற்றுப்பகுதியையும் சேர்ந்த போலந்து ஆண்கள், குறைந்தது 40 பேர். தூண்டியவன் யார், செய்தவன் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தக் கல் செய்த வேலை, முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்கும் எழுதிவைத்தது. உத்தரவு மேலிருந்து வந்தது என்பது உண்மையாக இருக்கும்போதுதான் இந்தத் தந்திரம் நன்றாக வேலை செய்கிறது. முழுப் பொய்யை உடைப்பது சுலபம்.

புதிதாக யார்மீதும் வழக்குத் தொடர முடியவில்லை. உயிரோடு இருக்கும் குற்றவாளிகள் எவரையும் அடையாளம் காண முடியவில்லை என்று கோப்பை மூடினார்கள்.

பழைய கல்லை 2001 மார்ச்சில் அகற்றினார்கள். அதே ஆண்டு ஜூலை 10 அன்று, 60 ஆண்டுகள் நிறைந்தபோது, குடியரசுத் தலைவர் அலெக்சாந்தர் க்வாஷ்னியெவ்ஸ்கி அந்த ஊருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். தன் பெயரிலும், அந்தக் குற்றத்தால் மனசாட்சி உலுக்கப்பட்ட போலந்துக்காரர்களின் பெயரிலும் கேட்பதாகச் சொன்னார். ஊர்மக்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரவில்லை. பங்குத்தந்தையும் வரவில்லை. மேயர் கிஷிஸ்தோஃப் கொத்லெவ்ஸ்கி மட்டும் விழாவுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றார். அடுத்த மாதமே பதவி விலகினார், பின்னர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1945இல் விஷிகோவ்ஸ்காவைத் துரத்திய ஊர் 2001இல் தன் மேயரையும் தங்கவிடவில்லை. இந்த முறை அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பொறுமையாகப் பதிவு செய்தவர் அன்னா பிகோன்ட் என்ற பத்திரிகையாளர். ஊரில் வீடுவீடாகப் போய், கதவு மூடப்பட்டாலும் மறுபடி போய், பிழைத்தவர்களைக் கண்டங்கள் கடந்து தேடிப்போய் 2004இல் ஒரு பெரிய நூலாக்கினார். இந்த வரலாற்றில் ஒரு நூலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் கிராஸைவிட இதைத்தான் சொல்வேன். அவரிடம் வாதம் இருக்கிறது, இவரிடம் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அப்புறமும் ஓயவில்லை. 2011இல் நினைவிடத்தில் ஸ்வஸ்திகாவை வரைந்து, யெட்வாப்னேக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்றும், அவர்கள் எளிதில் பற்றக்கூடியவர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில்தான் விஷிகோவ்ஸ்காவும் இறந்தார். 2018 தொடக்கத்தில் போலந்து நாடாளுமன்றம் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து தேசமோ அரசோ பொறுப்பு என்று உண்மைக்குப் புறம்பாகக் கூறினால் 3 ஆண்டுவரை சிறை. ஆய்வுக்கும் கலைக்கும் விலக்கு உண்டு என்றார்கள். ஆனால் பள்ளி ஆசிரியருக்கு? உள்ளூர்ச் செய்தியாளருக்கு? பாட்டி சொன்னதை மேடையில் சொல்லும் பேத்திக்கு? உலகெங்கும் எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு ஜூனில் சிறைத் தண்டனைப் பிரிவை எடுத்துவிட்டார்கள். உரிமையியல் வழக்குப் போடும் வழி மட்டும் திறந்தே இருந்தது.

2001இல் வைத்த புதிய நினைவுச்சின்னம் அதே இடத்தில் நிற்கிறது. யெட்வாப்னேயையும் சுற்றுப்பகுதிகளையும் சேர்ந்த யூத ஆண்கள், பெண்கள், குழந்தைகள், இந்த மண்ணின் சக உரிமையாளர்கள், 1941 ஜூலை 10 அன்று இந்த இடத்தில் கொல்லப்பட்டார்கள், உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. 1,600 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். கெஸ்டபோவையும் எடுத்துவிட்டார்கள். எரித்தவர் யார் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.